அரை மணி நேரச் செவ்வாய்

வெலிமடையிலிருந்து வரும் பஸ்ஸில், லீக்ஸ் மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவே மடங்கி உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்குத் தோன்றியது. வெளியே ஒன்றுமே இல்லை. மலை இல்லை, பள்ளம் இல்லை, பாதையின் ஓரம்கூட இல்லை. பஸ் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் என் மூச்சு பட்டுப் பட்டு, இருக்கிற வெள்ளை போதாதென்று இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்ந்தது.

பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவள் நான். வாரத்தில் இரண்டு நாள் வெலிமடையில் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். போகவர பஸ்ஸில் நிறைய நேரம் கிடைக்கும். அதைப் போக்கத்தான் போனில் வானத்தைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். போனை எந்தப் பக்கம் நீட்டினாலும் அந்தப் பக்கத்து நட்சத்திரங்களைக் காட்டும். பகலா, மழையா, பஸ்ஸின் கூரையா, அதற்குக் கவலையில்லை. நாளையும் நேரத்தையும் மாற்றினால் பழைய வானத்தையும் கொண்டுவந்து தரும். இதில் நான் பைத்தியமாக இருந்த வாரம் அது. தெரிந்தவர்கள் எல்லாருடைய பிறந்த வானத்தையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு அக்காவின் முறை.

அக்கா பிறந்தது வைகாசி மாதத்து ஒரு பிற்பகல், மூன்று பத்துக்கு, பதுளையில். அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். நேரத்தைப் போட்டதும் பனிக்குள்ளிருந்து ஒரு பழைய மத்தியானம் எழுந்து வந்தது. மேற்கே சூரியன். சூரியனுக்குப் பக்கத்தில், அதன் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை மாதிரி, சிவப்பாகச் செவ்வாய். அப்படியே போனைக் கிழக்கே திருப்பினேன். கிழக்கு அந்த நேரத்தில் கொண்டக்டர் அண்ணனின் முதுகில் இருந்தது.

"என்னா தங்கச்சி, போட்டோ புடிக்கிறீங்களா?"

"இல்லண்ணே, நட்சத்திரம் பாக்குறேன்."

"எம் முதுகுலயா? நம்ம வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்களே" என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனார். அவர் நகர்ந்த இடத்தில் பார்த்தேன். சித்திரை நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே இருந்தது. இன்னும் எழவில்லை.

மூட்டையைத் தள்ளிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அக்காவின் ஜாதகத்தில் லக்கினம் துலாம். லக்கினம் என்றால் பிறக்கிற நிமிஷத்தில் கிழக்கே எழுந்துகொண்டிருக்கிற ராசி. துலாம் எழவேண்டுமென்றால் சித்திரை நட்சத்திரம் மலைக்கு மேலே வந்திருக்க வேண்டும். போனில் அது வரவில்லை. அப்படியானால் லக்கினம் துலாம் இல்லை, அதற்கு முந்தைய கன்னி. லக்கினம் ஒரு கட்டம் தள்ளினால் மற்றதெல்லாம் தள்ளும். எட்டாம் வீட்டில் இருக்கிற செவ்வாய் ஒன்பதாம் வீட்டுக்குப் போய்விடும்.

அந்த எட்டாம் வீட்டுச் செவ்வாய்தான் எங்கள் வீட்டை இத்தனை வருஷம் ஆண்டது. எட்டில் செவ்வாய் உள்ள பெண்ணைக் கட்டினால் புருஷனுக்கு ஆயுள் குறைவு என்பார்கள். மூன்று வரன்கள் அதைக் கேட்டுத் திரும்பிப் போயின. அக்காவுக்கு இருபத்தேழு நடக்கிறது.

போனைத் துருவினேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் காரணம் இருந்தது. அக்கா பிறந்த காலத்தில் நம் நாட்டின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் ஓடியிருக்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் முள்ளைத் தள்ளி வைத்த காலம். நான் பிறந்ததும் அதே காலத்தில்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுக்கொண்டது லேசாக நினைவிருக்கிறது. பிறகு முள் பழைய இடத்துக்கே வந்தது. எல்லாரும் மறந்துபோனார்கள்.

எங்கள் வீட்டு ஜாதகங்களை பதுளையில் எழுதுவதில்லை. அதில் அப்பாவுக்கு ஒரு பெருமை. மூன்று தலைமுறையாக யாரும் குடியிருக்காத, கடலுக்கு அந்தப் பக்கத்து ஊரை அவர் இன்னும் "ஊர்" என்றுதான் சொல்வார். பிள்ளை பிறந்தால் நேரத்தைக் குறித்து ஊருக்கு அனுப்புவார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம் தபாலில் வரும். அங்கே எழுதியவருக்கு இங்கே கடிகாரம் ஆடிய ஆட்டம் எப்படித் தெரியும்? அவருக்கு இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்; பழைய நேரப்படி இரண்டு நாற்பதை மூன்று பத்தாகவே வைத்துக் கணித்துவிட்டார். அரை மணி நேரம் கடலில் விழுந்துவிட்டது.

பதுளை வந்து இறங்கும்வரை நான் அந்த வானத்தை மூடவே இல்லை. அக்கா பிறந்த நிமிஷத்தில் எதுவும் கெட்டதாக இல்லை. வெயில், வெயிலுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் எரியும் நட்சத்திரங்கள், மலைக்கு அடியில் எழக் காத்திருக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி. பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் அந்த வானமும் சாய்ந்தது. என் மனசில் ஏற்கனவே கல்யாண மேளம்.

மேளம் யாருக்கென்றும் சொல்ல வேண்டும். அக்கா ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அங்கேயே படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவர், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன் தன் அம்மாவோடு பெண் கேட்டு வந்தார். வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், கடதாசியில் சுற்றிய மல்லிகை. கீழே பிடவைக் கடை, மேலே வீடு, இதுதான் எங்கள் குடியிருப்பு. அப்பா அவர்களைக் கடையிலேயே சேலைக் கட்டுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தேத்தண்ணி கொடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"மாஸ்டர் தங்கமான புள்ள. எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா எம் மகளுக்குச் செவ்வாய் எட்டுல கெடக்கு. தெரிஞ்சே ஒரு தாயோட புள்ளைய நாங்க அழிக்கலாமா?"

அந்த அம்மா எழுந்து அப்பாவைக் கும்பிட்டார். "ஒங்களுக்கு ரொம்ப நல்ல மனசுங்க மொதலாளி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நானும் அழுதேன். என் அப்பா எவ்வளவு பெரிய மனிதர் என்று நினைத்து அழுதேன்.

ஆகவே பஸ்ஸில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை என்று பல்கலைக்கழகத்தில் மணிக்கணக்காக வாதாடியவள். இருந்தும் ஜாதகத்தைத் திருத்த அப்படி ஓடினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனை அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஊர் ஜாதகம் தப்பா? போன் சொல்லுதா?" என்றார் அப்பா.

"போன் இல்லப்பா, சூரியன் சொல்லுது. அம்மா, நீங்களே சொல்லுங்க, அக்கா பொறந்தப்போ புது நேரம்தானே?"

அம்மா ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தாள். "ஆமாங்க. கோயில்ல மட்டும் பழைய நேரத்துக்குப் பூசை. நான் ஒருக்கா புது நேரத்துக்குப் போயி, கதவு தொறக்காம அரை மணி நேரம் வெளிய நின்னேனே. பெரியவ அப்ப வயித்துல."

அக்கா அப்பளத்தை மிகச் சின்னத் துண்டுகளாக நொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் ராகு காலம் முடியும்வரை அப்பா படியிறங்கவில்லை. ராகு காலத்தில் அவர் எங்கேயும் கிளம்பமாட்டார். கடைக்குத் தீப்பிடித்தாலும் ஒன்பது மணி ஆகட்டும் என்பார் என்று அம்மா கேலி செய்வாள். ஒன்பது அடித்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சாத்திரியாரிடம் போனார். சாத்திரியார் மஞ்சள் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு எழுதுனது?"

"ஊர்ல எழுதுனதுங்க."

"அதானே பாத்தேன். ஒங்களுக்கு நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியிறதில்ல. பக்கத்துத் தெருவுல இருக்கிறவன்கிட்ட வந்திருந்தா ஒரு வெத்திலைக்கு முடிஞ்ச காரியம்." சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்துக் கணித்தார். "எட்டு இல்ல மொதலாளி. ஒம்பது. பாக்கிய ஸ்தானம். ஒங்க மகளுக்குத் தோஷமே இல்ல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு அடியில் நீர் தேங்கியதைப் பார்த்தேன். என் தோளில் கை வைத்தார். "பாப்பா, நீ எங் கொலத்துக்கே வெளக்கு" என்றார். நாங்கள் நடந்து திரும்பினோம். வெயில் அப்போதுதான் பசார் வீதிக்குள் இறங்கியிருந்தது. மரக்கறி லொறிகளின் ஈரத்தில் ஆவி எழும்பியது. எல்லாக் கடைகளும் ஒரு முழம் தரையை விட்டு மேலே நிற்பது போல இருந்தன. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையாக நான் நடந்ததே இல்லை.

கடைக்கு வந்ததும் அப்பா போனை எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். மாஸ்டருக்குத்தான் பேசப்போகிறார் என்று.

அவர் கொழும்புக்குப் பேசினார். செவ்வாய் என்று கேட்டு முதலில் திரும்பிப்போன வரன். எங்களைப் போலவே கடை வைத்திருக்கும் குடும்பம், அந்தப் பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "கணக்குப் பிழைங்க, முழுக்க முழுக்கக் கணக்குப் பிழை" என்று மூன்று தடவை சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு அவர்கள் பார்க்க வருவதென்று முடிவானது. முடிவாக எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்ப மாஸ்டர்?" என்றேன்.

"எந்த மாஸ்டர்?"

"ஸ்பிரிங்வெளி மாஸ்டர். செவ்வாய்தானே தடைனு சொன்னீங்க?"

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். குழந்தைக்கு விளக்குவது போல் விளக்கினார். "அது ஒரு மரியாதைக்குச் சொன்னது பாப்பா. லயத்து ஆளுக்குக் குடுக்க மாட்டோம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ல முடியுமா? நாம என்ன அப்பிடிப்பட்ட ஆளுங்களா?"

தீபாவளிக்கு முந்தின வாரம் தோட்டத்திலிருந்து சனம் வந்து கடை நிரம்பும்போது, "நாமெல்லாம் ஒரே கப்பல்ல வந்தவங்க" என்று சொல்லிச் சொல்லிச் சேலையை விரிப்பவர் இவர். அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் பொய் இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் புரியாதது.

மேலே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாமிப் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு பேதமும் இல்லடி. அந்தப் புள்ள வந்தா நான் என் கையால சோறு போடுவேன். ஆனா நம்ம சனம் என்ன பேசும்?"

"அவுங்க வந்தப்போ ஏம்மா கீழேயே இருக்க வச்சீங்க?"

"அன்னிக்கு மேல தொடைக்காமக் கெடந்துச்சு" என்றாள்.

பிற்பகல் பாடசாலை விட்டு வந்த அக்கா, மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நமுனுகுலை மலை மேகத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நின்றது. கொடியில் தொங்கிய வெள்ளைத் துணிகளுக்கு நடுவே அவள் தெரிந்தும் மறைந்தும் நகர்ந்தாள். கொழும்பு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும். அம்மா சொல்லிட்டாங்க. அந்த முந்தாணிய இப்பிடிப் புடி."

பிடித்தேன். இருவரும் சேலையை இழுத்து, நடுவில் வந்து சேர்ந்து, மடித்து, மறுபடி விலகினோம்.

"அந்த அரை மணி நேரம் எனக்கு நாலு வருஷமாத் தெரியும்" என்றாள்.

சேலை என் கையிலிருந்து நழுவியது.

"அழுக்காக்காத. எடு. அவரோட ஜாதகத்த ஒருநாள் ஸ்டாஃப் ரூம்ல பாத்தேன். அவங்க லயத்துப் பூசாரி எழுதுனது. தலப்புலயே போட்டிருக்கு, புது நேரம்னு. தோட்டத்துல அந்தக் காலத்துல பொறந்த எல்லாருக்கும் அப்பிடித்தான் போட்டிருக்காங்க. நம்ம வீட்டுலதான் ஊர்ல எழுதி வாங்குவோம்."

"நாலு வருஷமாவா? அப்ப அவுங்க பொண்ணு கேட்டு வந்தன்னிக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா அப்பா வேற காரணம் சொல்லியிருப்பாரு. நெசமான காரணம். அது அவங்க அம்மா காதுல விழுந்திருக்கும்." மேகம் மலையைக் கொஞ்சம் விட்டது. தேயிலைச் சரிவுகள் ஈரப் பச்சையாகத் தெரிந்தன. "அவரு புதுசா ஒரு வீடு கட்டுறாரு. கூரை மட்டும்தான் பாக்கி. கூரை போட்டதும் நானே அப்பாகிட்டப் பேசலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் ஒருத்தனும் என்னப் பாக்க வரல. செவ்வாய் வாசல்ல நின்னு எல்லாரையும் வெரட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் நிம்மதியா பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன்."

நான் பனிக்குள்ளிருந்து எடுத்து வந்தது அவள் தலைக்கு மேலிருந்த கூரை. ஒரு கூரை வருவதற்குள் இன்னொன்றைப் பிரித்துவிட்டேன்.

"ஏன் என்கிட்டயாவது சொல்லல?"

"ஒன் வாயில ஒரு சேதி நிக்குமா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. முகத்தை மடித்த சேலைக்குள் வைத்துக்கொண்டாள். "என்னால அந்தக் கொழும்பு வீட்டுல போயி இருக்க முடியாதுடி" என்று துணிக்குள்ளிருந்து கேட்டது. நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சவர்க்காரமும் வெயிலும் சேர்ந்த மணம். போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியாத ஏதோ ஒன்று அந்த மாடியில் இருந்தது.

இது நடந்தது திங்கள். இன்று வெள்ளி. இந்த நாலு நாளும் வீடு கனவில் நடக்கிற மாதிரி நடக்கிறது. அம்மா முறுக்குக்கு மா இடிக்கக் கொடுத்தாள். மேல் மாடி முழுவதும் துடைத்தாயிற்று. அப்பா என்னைக் காணும்போதெல்லாம் "வெளக்கு" என்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்கேயாவது போய் ஒளியலாம் போல இருக்கிறது. என் ஜாதகத்திலும் அதே அரை மணி நேரம் பிழைதான். எடுத்துப் பார்த்தேன், ஒரு கட்டமும் மாறவில்லை.

நேற்றுத்தான் எனக்கு அடுத்த யோசனை வந்தது. இந்த முறை பஸ்ஸில் இல்லை, நாட்காட்டிக்கு முன்னால். அக்காவிடம் ஓடினேன்.

"சனிக்கிழமை ராகு காலம் ஒம்பதுலருந்து பத்தரை வரைக்கும்."

"அதுக்கு?"

"அந்த ஒன்றரை மணி நேரம் அப்பா கடைக்கு எறங்காம மேலதான் இருப்பாரு, எங்கயும் கெளம்ப மாட்டாரு. எந்திரிச்சுப் போகவே முடியாது. அப்பக் கூட்டிட்டு வாறேன், மாஸ்டரையும் அவங்க அம்மாவையும். கடையில இல்ல. நேரா மேல."

"கிறுக்கச்சி" என்றாள். "சரி. நீ கூட்டிட்டு வா. பேசுறது நான். அப்பா நெசமான காரணத்தச் சொல்லட்டும், என் முன்னாலயே சொல்லட்டும். அதுக்குப் பெறகு நான் சொல்லுறேன் நான் எங்க போறேன்னு."

மாஸ்டருக்கு அவள் போனில் சொல்லிவிட்டாள். அவர் சரி என்றாராம்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அக்கா. "அவங்க அம்மா செவ்வாய் போயிருச்சுன்னு சந்தோசமா நம்ம படி ஏறக் கூடாது. ஏறுறதுக்கு முன்னாலயே எல்லாம் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் வந்தா வரட்டும். அவருக்கு அதச் சொல்ல வாய் வராது. எனக்கும் வராது. நீதான் சொல்லணும்."

அதனால் நாளை விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நான் ஸ்பிரிங்வெளிக்குப் போகிறேன். அக்கா படம் வரைந்து தந்திருக்கிறாள். பாடசாலை தாண்டி, தேயிலைக்குள் ஏறும் படிகள், மூன்றாவது லயம், நீல நிறக் கதவு. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தக் கதவைத் தட்டியதில்லை. ஒரே இரத்தம், ஒரே கப்பல் என்று மேடையில் பேசிப் பரிசு வாங்கிய நானும் தட்டியதில்லை. தேத்தண்ணி தருவார்கள், குடிப்பேன். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன். பிறகு மூன்று பேரும் இறங்கி வந்து பஸ் ஏறுவோம்.

அந்த அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அங்கிருந்து பதுளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவான பாதை, பாதி தூரம் பனிதான் இருக்கும். என் அப்பாவைக் கும்பிட்ட அந்தக் கைகள் பக்கத்து மடியில் இருக்கும். "அம்மா, அன்னிக்கு அப்பா சொன்னது..." என்று ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன். அதற்கு அடுத்த சொல் இன்னும் கிடைக்கவில்லை. விடியும்வரை நேரம் இருக்கிறது. பதுளைக்குள் நுழையும் சந்தைத் திருப்பத்தில் பஸ் திரும்புவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.